பின்னால் பார்க்கும் சீட்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஊருக்கே தெரியும். திண்டிவனம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற வேணு ஒருவன்தான் அதைப் பெரிதுபடுத்தாமல் இத்தனை வருடம் என்னைக் கூட வைத்திருக்கிறான். அவன் வண்டிகளுக்குப் பாடி கட்டுகிறவன். நான் அவன் கட்டுகிற பாடிக்குப் பெயின்ட் அடித்துப் பெயர் எழுதுகிறவன். என் பெயர் சக்கரவர்த்தி. சாம்ராஜ்யம் என்று பார்த்தால் ஒரு கம்ப்ரசர், நாலு பிரஷ், அவ்வளவுதான்.

பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. ரமணாசிரமம் பக்கம் காபி விற்கிற இத்தாலிக்காரருக்கு ஒரு வேன், துணி தேய்க்கிறவருக்கு ஒரு மினி ஆட்டோ, ஆடு ஏற்றுகிறவருக்கு இரண்டு தட்டு வைத்த டெம்போ என்று எதையாவது கட்டிக்கொண்டே இருப்பான். கம்பெனியிலிருந்து வருகிற வண்டி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும். வேணு கட்டிக் கொடுக்கிற வண்டி கேட்டு வந்த ஆளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

அவன் வண்டியை அளப்பதற்கு முன்னால் ஆளை அளப்பான். டேப் எல்லாம் அப்புறம். வந்தவரைக் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின் மேல் உட்காரச் சொல்வான். கொஞ்ச நேரம் கழித்து, "எழுந்திருங்க" என்பான். எந்தக் கை முட்டிக்குப் போகிறது, எந்தக் கால் முதலில் ஊன்றுகிறது என்று பார்ப்பான். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை போட்டிருக்கும் எல்லம்மாள் வேன் கட்டக் கேட்டு வந்தபோது, ஒரு மத்தியானம் முழுக்க அவளை வெறும் கையால் மாவு ஊற்றச் சொன்னான். "இன்னா சக்கரவர்த்தி, உங்க வேணுவுக்கு மறை கிறை கழண்டுச்சா?" என்று என்னிடம் கேட்டாள். இன்றைக்கு அந்த வேனின் மேடை அவள் முழங்கைக்குச் சரியாக நிற்கிறது. முதுகுவலி கம்மியாகிவிட்டது என்று பார்க்கிறபோதெல்லாம் சொல்கிறாள்.

வேணுவின் அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்டவர். வெயிலில் களை வெட்டப் பிடிக்காமல் இவன் சின்ன வயதிலேயே கரூருக்கு ஓடிப்போய், பஸ் பாடி கட்டுகிற இடத்தில் சேர்ந்து, வெல்டிங், தச்சு, தகர வேலை எல்லாம் கற்றுக்கொண்டு திரும்பினான். பேச மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாணமான புதிதில் அவன் பெண்டாட்டி ரேணுகாம்பாள் என்னிடம் வந்து, "அண்ணே, உங்க சிநேகிதரு ஊமையா, இல்ல என்னத்தான் புடிக்கலயா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் பேசுகிறாள்.

அவர்களுக்கு ஒரே பெண், அபிநயா. பாதி கட்டின வேன்களுக்குள் தூங்கி வளர்ந்த குழந்தை. அப்படி ஒரு வேனிலிருந்து விழுந்துதான் அவளுடைய வலது முட்டி இன்றும் சரியாக மடங்காது. படித்து முடித்து ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலைக்குப் போனாள். போன வருடம் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை இளஞ்செழியனுக்குக் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை. நல்ல பையன். ஊரும் தூரமில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டால் வந்துவிடும்.

ஆனால் நிச்சயம் முடிந்த மறுநாளிலிருந்து வேணு இருந்த கொஞ்சப் பேச்சையும் நிறுத்திவிட்டான். மகள் எழுவதற்குள் பட்டறைக்கு வந்துவிடுவான். அவள் படுத்த பிறகுதான் வீட்டுக்குப் போவான். "பொண்ண அமெரிக்காவுக்கா அனுப்புற? தோ, எட்டிப் பாத்தா தெரியுற ஊருடா" என்று நான் திட்டினேன். வெல்டிங் கண்ணாடியை முகத்துக்கு முன்னால் இறக்கிக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் பிரசாத்தின் கார் பட்டறைக்கு வந்தது.

பிரசாத் ரமணாசிரமம் பகுதியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர். கீழ்பென்னாத்தூர் பக்கம் பூர்வீகம். அங்கே வைக்கோல் கொட்டகையில் கிடந்த கொள்ளுத்தாத்தாவின் காரை வெளியே இழுத்து, வேலூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டு எஞ்சினுக்கு உயிர் கொடுத்திருந்தார். உளுத்துப்போன பாடியைச் சரி செய்ய எங்களிடம் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் பணக்காரர்கள் பலர் காரை முழுசாக வாங்கமாட்டார்கள். சீமையிலிருந்து சேஸிஸும் எஞ்சினும் வரும். மேலே பாடியை அவரவர் ஆசைக்கு ஆசாரியை வைத்துக் கட்டிக்கொள்வார்கள். இந்தக் கொள்ளுத்தாத்தாவின் ஆசை எங்களுக்குப் பிடிபடவே இல்லை.

முன்பக்கம் பார்த்தால் கார். பின்பக்கம் ஜட்கா வண்டி மாதிரி திறந்த கூடு, தேக்குச் சட்டம், மேலே வளைந்த தகரக் கூரை. எல்லாவற்றையும்விட விசித்திரம், பின் சீட் பின்னால் பார்த்தபடி இருந்தது. டிரைவரும் பின்னால் உட்காருகிறவரும் ஒரே பலகையில்தான் முதுகைச் சாய்க்க வேண்டும், இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்.

"யாரோ தப்பா மாட்டிட்டாங்கண்ணே. நேரா திருப்பிடுங்க. அடுத்த மாசம் புதுக் கட்டடத் திறப்பு விழா. கெஸ்ட்டுங்க ஏறி உக்காந்து போட்டோ எடுக்கணும்" என்றார் பிரசாத்.

வேணு தரைப் பலகைகளைப் பிரித்துப் பார்த்தான். சீட்டை வேறு பக்கமாக மாட்டியதற்கு ஒரு ஓட்டைகூட அதில் இல்லை. முதல் நாளே வேண்டுமென்றே அப்படிக் கட்டியதுதான். டீக்கடையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெரியவருக்கும் பெண்டாட்டிக்கும் ஆகாது, மூஞ்சியைப் பார்த்துக்கொள்ளாமல் போக வழி செய்தார் என்பது டீ மாஸ்டரின் தீர்ப்பு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மரவேலை முடிந்ததும், சீட்டைத் திருப்புவதற்கு முன்னால் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். வேணு ஓட்டினான். நான் அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனதில் தலை சுற்றியது. கொள்ளுத்தாத்தாவை நன்றாகத் திட்டினேன். ஊர் தாண்டியதும் வாயை மூடிக்கொண்டேன்.

எதிரே மலை நின்றது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு மலை ஒரு அதிசயமா? பல் விளக்கும்போதும் தெரியும், பஸ்ஸுக்கு ஓடும்போதும் தெரியும். ஆனால் இத்தனை நாளும் வெளியூர் போகும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போயிருக்கிறேன். அன்றைக்கு அது என் முகத்துக்கு நேராகவே இருந்தது. கடைகள் சின்னதாகிப் போயின, புளியமரங்கள் போயின, ஏரி போனது. மலை மட்டும் அவசரமே இல்லாமல் நின்றது.

கோயிலில் கும்பிட்டு முடித்ததும் சடக்கென்று திரும்பமாட்டோம். சாமியைப் பார்த்தபடியே நாலு அடி பின்னால் வந்து அப்புறம்தான் திரும்புவோம். இங்கே மலைதானே சாமி. தரிசனம் முடித்துக் கீழ்பென்னாத்தூர் திரும்புகிற ஒரு மனுசனுக்கு, அதற்கு முதுகைக் காட்ட மனசு வரவில்லை. வீடு போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே போக ஒரு காரையே கட்டிக்கொண்டார். இது என் ஊகம்தான், சாட்சி சொல்ல ஆள் இல்லை. ஆனால் அடித்துச் சொல்வேன். வேணுவிடம் அப்போதே கத்திச் சொன்னேன்.

அவன் கீழ்பென்னாத்தூர் எல்லையில் வண்டியை நிறுத்தி இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். மலை நீலமாக, சின்னதாக, முழுசாக இருந்தது.

"இங்கேர்ந்தும் தெரியுது" என்றான். ரொம்ப நேரம் அங்கேயே நின்றான்.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்குக் கிளம்பினான். சண்டை வந்தால் நான் வேண்டுமே என்று கூடவே போனேன். பிரசாத்தின் முன்னால் போய் நின்று சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன்.

"சீட்ட இப்ப திருப்பல. பொண்ணு கல்யாணம் முடியட்டும்."

"கல்யாணம் விழாவுக்கு அப்புறம்ல வருது? விழாவுக்கு சீட்டு ரெடியா இருக்கணுமேண்ணே. எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. வாயைத் திறந்தேன். வேணு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"எம் பொண்ண நானே கொண்டும்போய் வுடணும். இந்த சீட்ல உக்காந்து போவணும் அவ. போற வழி பூரா அவளுக்கு ஊரு தெரியணும். மறுநாளே திருப்பிக் குடுத்துடுறேன்."

வேணு இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பிரசாத்தும் கேட்டிருக்கமாட்டார் போல. "எடுத்துக்குங்கண்ணே. விழாவுக்கு வர்றவங்க பின்னால பாத்தே உக்காரட்டும்" என்றார். வேணு சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். இப்போது போய்ப் பார்த்தால் அந்த கெஸ்ட் ஹவுஸ் வாசலில் கார் நிற்கும். சீட் முன்னால்தான் பார்க்கும்.

அபிநயாவுக்கு இது எதுவும் தெரியாது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று வேணு சொல்லியிருந்தான். விழா முடிந்து கார் மறுபடி பட்டறைக்கு வந்திருந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் பட்டறைக்கு வந்தாள். வேணு இரும்பு வாங்கப் போயிருந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. நான் போறதுல அப்பாவுக்கு வருத்தமா, நிம்மதியா? ஒரு வார்த்த பேச மாட்டேங்குறாரு. அந்தக் கார கட்டிப் புடிச்சிகினு இருக்காரு." கண் கலங்கி நின்றாள்.

நான் தூக்கி வளர்த்த குழந்தை. சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. வந்த கோபத்தில் கம்ப்ரசரைப் போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் யாரும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. அவள் போன பிறகு உட்கார்ந்து அழுதேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மத்தியானம் ராகு காலம் கழிந்ததும் மண்டப வாசலில் கார் வந்து நின்றது. அவள் கூரைப்புடவையின் அரக்கு நிறத்தைத்தான் அதற்கு அடித்திருந்தேன். "பொண்ணப் பெத்தவனே டிரைவரா?" என்று உறவுக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். "அவரு ஓட்டட்டும், நீங்க போய் தாம்பூலப் பைய எடுங்க" என்று ரேணுகாம்பாள் அவரை விரட்டினாள்.

அபிநயா புடவையைத் தூக்கிப் பிடித்து, யார் கையைப் பிடிக்கலாம் என்று பார்த்தாள். அந்த முட்டியோடு அவளால் எந்த வண்டியிலும் தனியாக ஏற முடியாது. காலை வைத்தாள். ஏறிவிட்டாள். வேணு பழைய படிக்குக் கீழே இன்னொரு படி கட்டியிருந்தான். அவள் குனிந்து அதைப் பார்த்தாள்.

"என்ன எப்ப அளந்தாரு மாமா?"

"நீ நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து" என்றேன்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி கிளம்பியது. போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பார்கள். ரேணுகாம்பாள் கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. தெரு திரும்பும்வரை மகள் அவளைப் பார்த்தபடிதான் போனாள்.

முன் சீட்டில் வேணுவும் நானும். பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும். ஊர் எல்லை தாண்டுவதற்குள் மாப்பிள்ளைக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. வண்டியை நிறுத்தினோம். பையன் வெட்கத்தோடு முன்னால் வந்து, கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான். நான் பின்னால் போனேன். மாலையும் பூவுமாக உட்கார்ந்திருந்த அபிநயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் அவள் மலையைப் பார்த்தாள். அது எங்களுக்கு எதிரே நின்றபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. தலையைப் பலகையில் சாய்த்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் அப்பாவின் முதுகு.

"அப்பா."

"ம்."

"நான் போறது உனக்கு கஷ்டமா இருக்குதா?"

இவனாவது பதில் சொல்வதாவது என்று நினைத்தேன்.

"நீ எழுந்திரிக்கிறதுக்குள்ள ஏன் ஓடிப்போனேன்னு நெனச்ச? உன் மூஞ்சப் பாத்தா தாங்கலம்மா."

"இப்ப மட்டும் எப்டி பேசுற?"

"இப்பதான் பாக்கலயே."

அவள் சிரித்தாள், உடனே அழுதாள். பலகை அதிர்ந்தது. ரோடு மோசம் என்று நினைத்துக் கீழே பார்த்தேன். புதிதாகத் தார் போட்ட ரோடு, வழவழவென்று இருந்தது. நான் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டில் பாலும் பழமும் கொடுத்தார்கள். கிளம்பும்போது அபிநயா வாசலுக்கு வந்தாள். தெருமுனையைக் காட்டி, "இங்கேர்ந்தும் தெரியுதுப்பா" என்றாள். வேணு தலையை ஆட்டினான். அவள் தலையில் கையை வைத்து எடுத்தான்.

ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தினான். "நீ ஓட்டு" என்று சாவியை என் மடியில் போட்டான். இத்தனை வருடத்தில் பட்டறை வண்டி எதையும் அவன் என்னை ஓட்ட விட்டதில்லை. இறங்கிப் பின்னால் போய், மகளுக்காகக் கட்டின படியில் கால் வைத்து ஏறினான்.

நான் வண்டியை எடுத்தேன். சாயங்கால வெளிச்சத்தில் மலை எனக்கு நேர் எதிரே வளர்ந்துகொண்டே வந்தது. வேணு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் முகம் கீழ்பென்னாத்தூரைப் பார்த்து இருந்தது.

"சாமி கோச்சிக்கப் போவுதுடா" என்றேன், கிண்டலாகத்தான்.

"கோச்சிக்காது. நீ ஓட்டு."

கொஞ்ச நேரத்தில் பலகை என் முதுகில் அதிர ஆரம்பித்தது. ஊர் வந்து சேரும்வரை நான் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.