எந்த ஊர்த் தண்ணி?

நம்பாதவர்கள் எங்கள் ஊர் எப்போதும்வென்றானுக்கு வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நான் ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

2002, மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. ஊரே காய்ந்து கிடந்தது. எங்கள் கிணறு மட்டும் இனித்தது. என் நாற்பது ஆடுகளும் அதை நம்பித்தான் உயிரோடு இருந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

நண்பன் இசக்கிபாண்டிக்கு யாரும் போகாத கடற்கரைகளைத் தேடித் திரியும் கிறுக்கு. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, அவன் வண்டியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். மாலை 5.40. கரையில் ஒரு பாழடைந்த கிட்டங்கி. உப்பு மூட்டை அடுக்கிய கட்டடம். கதவைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஒரே ஒரு சன்னல். அவன் பின்பக்கம் பார்க்கப் போனான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடல் இருபது அடியில் இருக்கிறது. அலைச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

6.10.

"தண்ணி இருக்கா...?"

சன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

எங்கள் கரிசல் காட்டில் தண்ணீர் கேட்டால் யார் எவர் என்று பார்க்க மாட்டோம். பாட்டிலை நீட்டினேன். ஒரு கை வாங்கியது. விரலெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

மடக்... மடக்... மடக்...

நிற்கவே இல்லை. அது ஒரு லிட்டர் பாட்டில்தான்.

"இனிக்குதே... எந்த ஊர்த் தண்ணி?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"எப்போதும்வென்றான். எங்க வீட்டுக் கிணறு."

சத்தம் நின்றது.

"ஏலே, யார்ட்ட பேசுத?" இசக்கிபாண்டி வந்து சன்னலுக்குள் எட்டிப் பார்த்தான்.

மணல்.

தரையிலிருந்து கூரை வரை... மணல்.

பாட்டில் இல்லை. ஓடினோம்.

வீடு சேர 7.50. என் மனைவி சீனித்தாய் வாசலில் நின்றாள்.

"யாரு அந்தப் பொம்பள? ஆறேகாலுக்கு வந்து, கிணத்துல எறைச்சு எறைச்சுக் குடிச்சா. நீங்கதான் ஊரு சொன்னியளாமே?"

அவள் கையில் என் பாட்டில்.

மறுநாள் காலை, ஆடுகள் தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. நான் ஒரு கை அள்ளிக் குடித்தேன். கடல் தண்ணீர்.

சீனித்தாய் அழுதாள்.

"வேற எங்கன நல்ல தண்ணின்னு கேட்டா. கடம்பூர்ல எங்கம்மா வீட்டுக் கிணத்தச் சொல்லிட்டேன்..."

9.20. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டோம். மாமியார்தான் எடுத்தார்.

"ஏட்டி சீனி... உன் சிநேகிதி ராத்திரியில இருந்து கிணத்தடியிலதான் இருக்கா. இன்னும் குடிச்சு முடியல."