முனீஸ்வரன் வளைவு

எங்கள் வீட்டு நடையில் ஓர் ஆணியில் பித்தளை ஹாரன் ஒன்று தொங்குகிறது. அகன்ற வாய், வளைந்த கழுத்து, பின்னால் கறுப்பு ரப்பர் பந்து. பழைய லாரிகளில் டிரைவர் பக்கத்துக் கதவுக்கு வெளியே மாட்டியிருப்பார்களே, அதுதான். ரப்பர் வெடிப்பு விட்டு வருஷக்கணக்காகிறது. வீட்டுக்கு வருகிற குழந்தைகள் ஆசையாக அமுக்கிப் பார்த்துவிட்டு, சத்தம் வரவில்லை என்றதும் நான்தான் அதைத் தின்றுவிட்டதுபோல என்னைப் பார்க்கும். இதைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடலாமா என்று என் மருமகள் ஒருமுறை கேட்டாள். போடு, ஆனால் உன் வீட்டுக்காரனுடைய அத்தை வந்து கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அந்த அத்தை எனக்கு நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, அதனால் எனக்கு அண்ணி. எண்பதுகள் முடியப்போகிற சமயம் மண்டகப்பட்டிலிருந்து செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். வந்தபோது வீட்டில் மாமனாரும் அண்ணியும் மட்டும் இருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுவார். நாத்தனார் என்றால் எப்படி இருப்பாள் என்று ஊரில் எனக்கு நிறையவே சொல்லி பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். இங்கே வந்தால், என்னைவிடப் பயந்தவராக அவர் இருந்தார். புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவர். ஏன் வந்தாய் என்று மாமனார் கேட்கவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. ஒருநாள் துணி பிழியும்போது அவருடைய வலது மணிக்கட்டு பாதிக்கு மேல் திரும்பாததைப் பார்த்து நான்தான் கேட்டேன். ஊருக்குச் சொன்ன பதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தது. எனக்குச் சொன்ன பதில் வேறு. புருஷன் பிடித்து முறுக்கியது என்று சொல்லிவிட்டு, நைனாவிடம் சொல்லிவிடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்பாவுக்குத் தெரிந்தால் வெட்டுகுத்து ஆகிவிடும் என்பது அவர் பயம்.

அந்த ஆடி மாதம் புருஷன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஆவணி பிறந்ததும் வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போகிறோம் என்றார்கள். மாமனார் சரி என்று தலையாட்டிவிட்டார். அதே வாரம் ஊர்க்கோடியில் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டரம்மா, வல்லம் பக்கத்துக் கிராமங்களுக்கு மொபெட்டில் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று அண்ணியைக் கூப்பிட்டு விட்டார். சொட்டு மருந்து, ஊசி வேலையெல்லாம் அவரே சொல்லித் தருவார், மொபெட்டும் ஆஸ்பத்திரியுடையது. ஒரே ஒரு கண்டிஷன், ஆவணிக்குள் எல் போர்டு, அதாவது பழகுநர் லைசென்ஸ், வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் வேறொரு பெண் தயாராக இருக்கிறாள். அண்ணி இதை மாமனாரிடம் சொன்ன விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மாமனாரும் தூணைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“பிரேக் இன்ஸ்பெக்டர் கேம்ப்புல பாஸ் பண்ணிட்டு வந்தா இரு. இல்லன்னா அவங்க வர்றன்னிக்குப் பொட்டிய எடுத்துக்கோ.”

பெரிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். பெண்பிள்ளைக்கு எங்கே கொடுக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில் சொன்னது. மோட்டார் வாகன ஆய்வாளரைத்தான் எங்கள் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். மாதத்துக்கு ஒருமுறைதான் செஞ்சிக்குக் கேம்ப் வருவார். அதற்கு முன்பெல்லாம் எல் போர்டு வாங்குவது சுலபம். அந்த வருஷம் புதுச் சட்டம் வந்து, இனி சாலை விதிகளில் கேள்வி கேட்டு, பதில் சொன்னால்தான் எல் போர்டு என்று ஆகிவிட்டது. மெக்கானிக் கடைப் பையன்களே புலம்பிக்கொண்டு திரிந்தார்கள். ஆடியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேம்ப்.

பஸ் ஸ்டாண்டு கடையில் சாலை விதிகள் என்று ஒரு சின்னப் புத்தகம் வாங்கி வந்தேன். நான் கேள்வி கேட்பேன், அண்ணி பதில் சொல்வார். முதல் நாளே தெரிந்துவிட்டது, சிக்கல் அண்ணிக்கு ரோடு தெரியாதது இல்லை. தெரிந்ததுதான் சிக்கல். மாமனார் காலமெல்லாம் வேர்க்கடலை மூட்டை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம், ஏற்றிய லாரி ஓட்டியவர். தாயில்லாத பெண்ணை, பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் லாரியில் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறார். அதனால் அண்ணியின் பதில் எல்லாம் லாரிக்காரர் பதில். குறுகிய பாலத்தில் யார் முதலில் போக வேண்டும் என்றால், யார் முதலில் லைட் அடிக்கிறாரோ அவர் என்பார். வண்டி பழுதாகி நின்றால் என்ன வைக்க வேண்டும் என்றால், வேப்பங்கிளை ஒடித்துப் போட வேண்டும் என்பார். புத்தகத்தில் முக்கோணம் போட்டிருந்தது. ஹாரன் எங்கே அடிக்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், “முனீஸ்வரன் வளைவுல” என்றார்.

திண்டிவனம் ரோட்டில், வல்லத்துக்கு இந்தப் பக்கம், பாறைகள் குவிந்து கிடக்கும் இடத்தில் ரோடு மடங்கும். அந்த மடக்கில் முனீஸ்வரன் உட்கார்ந்திருந்தார். லாரி, பஸ் எதுவாக இருந்தாலும் அவருக்கு இரண்டு ஹாரன் அடிக்காமல் தாண்டாது. அடிக்காமல் போனவனை முனி சும்மா விடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் புத்தகத்துக்குத் தெரியவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணி, இதைச் சொன்னால் பெட்டியைத்தான் எடுக்க வேண்டும் என்றேன். அண்ணியின் முகம் வெளுத்துப்போனது. அன்றிலிருந்து, தெரிந்ததை எல்லாம் மறப்பதுதான் எங்கள் படிப்பு. செஞ்சியில் சிக்னல் விளக்கு ஏது? தக்காளி, எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய் மூன்றையும் மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டுவேன், அவர் அடுப்பு முன்னால் நிற்பார், நகர்வார். குழம்பு தீய்ந்ததுதான் மிச்சம்.

மாமனார் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருப்பார். ‘நைனா சொன்னது தப்பு, புத்தகத்தில் இப்படி இருக்கிறது’ என்று நாங்கள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஓர் இருமல் வரும். ஒருநாள் இருமலோடு நிற்கவில்லை. “அப்ப இத்தினி காலம் நான் ஓட்டினதெல்லாம் தப்பா? ஒரு உசுர எடுத்திருப்பேனா?” என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார். இரவு சாப்பிடவும் இல்லை. அண்ணி புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். புருஷன் வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காக அப்பாவைத் தப்பு சொல்லவேண்டி இருக்கிறதே என்று அழுதார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அழுவதென்றால் பாஸ் பண்ணிவிட்டு அழுங்கள் என்றேன். சின்னவள் சொல்கிற பேச்சில்லைதான், ஆனாலும் சொன்னேன்.

கேம்ப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் கை சைகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிற்பதற்கு, வேகம் குறைப்பதற்கு, வலது பக்கம் திரும்புவதற்கு எல்லாம் சரியாக வந்தது. இடது பக்கம் திரும்புவதற்கு வலது கையை நீட்டி வட்டமாகச் சுழற்ற வேண்டும். அண்ணியின் மணிக்கட்டு சுழலவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தோளிலிருந்து மொத்தக் கையையும் சுற்றினார், வளையல்கள் முழங்கைக்குப் போய் விழுந்தன. திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் மாமனார் நிற்கிறார்.

“கை இன்னாச்சு?”

“கெணத்தடில வழுக்கிச்சுன்னு சொன்னேனே நைனா.”

மாமனார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். சத்தியம் செய்தவள் நான், வாய் திறக்கவில்லை. ஆனால் என் முகம் சத்தியம் எதுவும் செய்யவில்லையே. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கேம்ப் நடந்தது பயணியர் மாளிகை வளாகத்தில், ஒரு வேப்பமரத்தடியில். ஒரு மேசை, சாய்த்து வைத்த சின்னங்கள் அட்டை, காக்கிச் சட்டை போட்ட இன்ஸ்பெக்டர். முகத்தை நிமிர்த்தவே மாட்டார், குச்சி மட்டும் அட்டையில் நகரும். அண்ணியைத் தவிர வரிசையில் எல்லாரும் ஆண்கள். அண்ணிக்கு முன்னால் நின்ற மெக்கானிக் கடைப் பையன் வட்டத்துக்கும் முக்கோணத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் உளறி, அடுத்த மாதம் வா என்று அனுப்பப்பட்டான். அண்ணிக்கு அடுத்த மாதம் என்று ஒன்று கிடையாது. அப்போதுதான் கேட்டருகே கூட்டத்தில் மாமனாரின் துண்டைப் பார்த்தேன். எதற்கு வந்தார் இந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னங்கள் எல்லாம் சரியாகச் சொன்னார். கை சைகை கேட்டபோது தோளிலிருந்து சுற்றினார். இன்ஸ்பெக்டர் முதல்முறையாக நிமிர்ந்தார். ஆக்ஸிலரேட்டர் முறுக்குற கை ஆச்சே, முறுக்க முடியுமா என்று கேட்டார்.

“வலிக்கும் சார். ஆனா முறுக்குவேன்.”

அவர் குச்சியை மேசையில் வைத்தார். பிறகு, ரோடு வளைகிறது, எதிரே வருகிற வண்டி தெரியவில்லை, என்ன செய்வாய் என்றார். சுலபமான கேள்வி. வேகம் குறைப்பேன், இடது பக்கம் ஒதுங்குவேன், ஹாரன் அடிப்பேன். நூறு முறை சொல்லிப் பார்த்த பதில். அண்ணியும் அப்படியேதான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, பழக்கதோஷம், “முனீஸ்வரனுக்கு” என்று சேர்த்துவிட்டார்.

வரிசையே சிரித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இது என்ன புது விதி, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். அண்ணி கேட் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த குரல் எனக்குப் பழக்கமில்லாத குரல்.

“புக்குல இல்ல சார். எங்க நைனா லாரி ஓட்டினவரு. அந்த வளைவுல ரெண்டு ஹாரன் அடிக்காம தாண்டினதே இல்ல. சாமிக்குன்னு அடிச்சாலும் எதிர்ல வர்றவனுக்குக் கேக்குது சார். அங்க இதுவரைக்கும் வண்டிங்க மோதினதில்ல.”

சிரிப்பு நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் பேனாவை மேசையில் வைத்தார். ஹாரன் அடிக்கக்கூடாத இடம் எது என்றார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு என்றார் அண்ணி. அவர் விடவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே முனீஸ்வரன் இருந்தா?”

அண்ணி யோசித்தார். எங்கள் புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை, மாமனாரின் ரோட்டிலும் இல்லை.

“மனசுல கும்பிட்டுக்குவேன் சார்.”

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அடுத்தது யார் என்றார், அவ்வளவுதான். நாங்கள் வெளியே வந்தபோது மாமனார் கேட்டருகே இல்லை. முன்னால் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். அண்ணி பாஸ் பண்ணிவிட்டு அழுதார், நான் தடுக்கவில்லை.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. மாமனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவர் யாரோடும் பேசவே இல்லை. ஆவணி பிறந்ததும் அண்ணியின் புருஷனும் அவருடைய பெரியப்பாவும் வந்து உட்கார்ந்தார்கள். மொபெட் வாசலில் நின்றுகொண்டிருந்தது, சிவப்பு மையில் எல் எழுதி ஒட்டிய அட்டையோடு. அதைப் பார்க்காததுபோல் பெரியப்பா பேசிக்கொண்டே போனார். சின்னஞ்சிறுசுகள் ஏதோ நடந்துவிட்டது, பெண்ணை அனுப்புங்கள் என்றார். அண்ணி அடுக்களையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

மாமனார் எழுந்தார். நடையில் ஆணியில் மாட்டியிருந்த தன் லாரி ஹாரனை எடுத்தார். கட்டுக்கம்பியும் குறடும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மொபெட்டின் ஹாண்டில்பாரில் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பந்தி, பேசிக்கொண்டிருக்கும்போது என்ன இது என்றார் பெரியப்பா. மாமனார் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

“லாரில வலது கைப்பக்கம் இருந்தது. அவளுக்கு வலது கை திரும்பல. அதான் இடது பக்கம் கட்டுறேன். ஏன் திரும்பலன்னு மாப்ளயக் கேளுங்க.”

மாமனார் ஹாரனை ஒருமுறை அமுக்கினார். தெரு முழுக்கக் கேட்டது. நாளைக்கு அவள் வல்லம் போக வேண்டும், காப்பி ஆறிவிடும், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றார். அவர்கள் குடிக்கவில்லை, கிளம்பிவிட்டார்கள். அடுக்களையில் அண்ணி என் கையை விடவே இல்லை. வளையல் அழுந்தின தடம் சாயங்காலம்வரை என் மணிக்கட்டில் இருந்தது.

அந்த ஹாரனோடு அண்ணி ஓய்வு பெறும்வரை வல்லம் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றி வந்தார். அந்தச் சத்தம் கேட்டால் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், நடக்கத் தெரிந்த குழந்தைகள் வைக்கோற்போருக்குப் பின்னால் ஓடும். மாமனார் போன பிறகும், முனீஸ்வரன் வளைவில் இரண்டு ஹாரன் தவறியதில்லை.

இப்போது அந்த வளைவே இல்லை. பாறையை உடைத்து ரோட்டை நேராக்கி அகலப்படுத்திவிட்டார்கள். முனீஸ்வரனைத் தூக்கி ஓரமாக வைத்து, புதுப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். போன மாதம் அண்ணியைக் கண் பரிசோதனைக்குத் திண்டிவனம் அழைத்துப் போனோம். என் மகன் கார் ஓட்டினான், அண்ணி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோயில் வந்ததும், வீட்டுப் பழக்கம், அவன் கை ஹாரனுக்குப் போனது. அண்ணி சட்டென்று இடது கையால் அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். கோயிலை ஒட்டிப் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி எழும்பியிருந்தது. வாசலில் ஹாரன் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட பலகை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார், உதடு மட்டும் அசைந்தது. என்ன அத்தை என்றான் மகன். அவர் அவனுக்குப் பதில் சொல்லாமல் பின்னால் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்த இன்ஸ்பெக்டர் அன்னிக்கே கேட்டாரு, பாத்தியா?”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அண்ணி நடையில் நின்று, ஆணியில் தொங்குகிற ஹாரனை இடது கையால் இரண்டு முறை அமுக்கினார். காற்று மட்டும் வந்தது.

“நைனாவுக்குக் கேட்டிருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.