புன்னைமுனைக்குப் பேனாவோடு போங்கள்

திருகோணமலைக்குப் போகிற சிலர், யாரும் பார்க்காத இடம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது புன்னைமுனைதான். வரைபடத்தில் தேடாதீர்கள், இராது. எழுபதுகளில் நான் திருகோணமலைக் கந்தோர் ஒன்றில் கோப்பெழுதும் எழுதுவினைஞன். கூட வேலைசெய்த மரியதாஸ், சனிக்கிழமை கரைவலை மீனோடு சாப்பாடு என்று கூப்பிட்டான். சாப்பாடு என்றால் நான் கேள்வி கேட்பதில்லை.

காலை 5.20 பஸ். சீனன்குடாவுக்கு ஏழு மைல், அறுபது சதம். இறங்கி ஒன்றரை மைல் நடை. அந்த நடையில்தான் விஷயத்தைச் சொன்னான். புன்னைமுனை அவனுடைய ஊர். துறைமுக வேலைக்கென்று அரசாங்கம் எடுத்து, சனத்தைச் சாம்பல்தீவுக்கு அப்பால் குடியேற்றிவிட்டது. நிலம் போனாலும் பாடு, அதாவது அந்தக் கரையில் வலை வளைக்கிற உரிமை, இன்னும் அவர்களுடையது. பருவத்துக்கு ஒரு தடவையாவது வலையின் மடி, மீன் சேரும் அந்தப் பை, கரையேற வேண்டும். ஒரு வருடம் தவறினால் அதுவும் போய்விடும். இந்த வருடம் அனுமதி இந்த ஒரு நாளுக்குத்தான், பத்து மணி வரை. உறவில்லாத ஒருவர் அனுமதிக் கடிதத்தில் சாட்சிக் கையெழுத்தும் வைக்க வேண்டுமாம்.

"அடப்பாவி, அதுக்கோ என்னைக் கூப்பிட்டனி?" என்றேன். சிரித்துக்கொண்டே நடந்தான்.

துறைமுக வாயிலில் லொறியில் வலையோடு சனம் காத்திருந்தது. மரியதாஸின் அக்கா திரேசம்மாதான் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரி. புருஷன் இறந்தபின் அவரே நடத்துகிறார். காவலாளி தலைகளை எண்ணி உள்ளே விட்டு, பத்துக்கு மேல் ஒரு நிமிடமும் தர ஏலாது என்றார்.

ஏழு மணிக்குத் தோணி வலையை வளைத்துவிட்டு வந்தது. இரண்டு பக்கமும் கயிறு இழுத்தார்கள். நான் தேத்தண்ணியோடு ஓரமாய் நின்றேன். 8.40க்கு வலை எதிலோ சிக்கி அசையவில்லை. தண்ணீருக்குள் சுழியோடிப் பார்த்தவர் மேலே வந்து, "எங்கட வீட்டுக் கல்லுகள்" என்றார். ஊரை எடுத்தவர்கள் இடித்த சுவர்களைக் கடலுக்குள் தள்ளியிருக்கிறார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

விட்டுவிட்டுப் போவோம் என்று யாரோ முணுமுணுத்தார். திரேசம்மா கத்தியை எடுத்து நீட்டினார்.

"வெட்டுங்கோ. வலையைப் பிறகு பொத்தலாம். பாடு போனா என்னத்தைப் பொத்துறது?"

வெட்டி எடுத்த வலையைக் கற்களுக்கு இப்பால், கரைக்குக் கிட்டவாக மறுபடி வளைத்தார்கள். நேரம் ஓடியது. திரேசம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஆள் காணாது. கயிற்றைப் பிடியுங்கோ."

கந்தோர்க் காற்சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கினேன். உள்ளங்கை இரண்டும் உரிந்தன. காவலாளி மணிக்கூட்டைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார். 9.56க்கு மடி மணலில் ஏறியது. உள்ளே ஒரு பிடி கீரிமீனும் பாசியும். திரேசம்மா மீனைப் பார்க்கவேயில்லை. ஈர மடியின்மேல் கையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக் கடிதத்தை நீட்டினார். அதில் 'இடம்' என்பதற்கு நேரே 'தடைசெய்யப்பட்ட பகுதி' என்று தட்டச்சிட்டிருந்தது.

"அதை வெட்டிப்போட்டு ஊர்ப் பேரை எழுதுங்கோ தம்பி. பிறகு கையெழுத்தை வையுங்கோ."

எழுதுவினைஞன் நான், என்னிடம் பேனா இல்லை. வேறு யாரிடமும் இல்லை. பத்துக்கு ஒரு நிமிடம். காவலாளி தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தந்தார். உரிந்த கையால் பேரும் கையெழுத்தும் கோணலாகத்தான் வந்தன, ஆனால் பேரை வாசிக்கலாம்: புன்னைமுனை.

மத்தியானம் அவர்களுடைய புது வீட்டில் சோறும் டின்மீனும்தான் கிடைத்தது. இன்று போகிறவர்கள் என் பஸ் காசை நம்ப வேண்டாம். அந்த வருடம் வலை வளைக்கிற நாளை விசாரித்து, அனுமதியை முன்கூட்டியே கேளுங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். காற்சட்டைக்குப் பதிலாகச் சாரம் கட்டிக்கொள்ளுங்கள், சும்மா நின்று பார்க்க விடமாட்டார்கள். பேனாவை மட்டும் மறந்துவிடாதீர்கள், அங்கே எல்லோரும் கயிறு பிடித்த கையோடு நிற்பார்கள்.