எட்டு அகப்பைச் சக்கரம்

கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்து இஞ்சின் கொட்டகையில் என் வீட்டுக்காரர் ஃபிட்டராக இருந்தார். ஒருநாள் துரை எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாராம்: சிவசமுத்திரம் அருவித் தண்ணீர் டர்பைன் என்னும் சக்கரத்தைச் சுழற்றும், அங்கிருந்து கம்பி வழியாகச் சுரங்கத்துக்குக் கரண்டு வரும். சக்கரத்தைப் பற்றிச் சொந்தமாக ஆராய்ந்து காட்டுகிறவரை அங்கே ஒரு வருஷம் படிக்க அனுப்புவார்கள்.

அன்று சாயங்காலமே என் அடுப்படியிலிருந்த மூன்று கொட்டாங்கச்சி அகப்பைகளும் போயின. பக்கத்து வீடுகளில் கேட்டு இன்னும் ஐந்து. காம்பை வெட்டி, பழைய கிணற்று ராட்டினத்தைச் சுற்றி ஆணியடித்து, நாங்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் குடிசை வரிசையின் பொதுத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்தார். சக்கரம் நடுங்கியதே தவிரச் சுற்றவில்லை. தண்ணீரெல்லாம் அவர் மூஞ்சியில்தான் அடித்தது.

குடத்தோடு காத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு இன்னும் குளிச்சி முடிக்கலயா?" என்றாள்.

"சிரிக்காதீங்க. இது ஆராய்ச்சி," என்றார் அவர், மீசையில் தண்ணீர் சொட்ட.

நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் அகப்பை கழுவுகிறவளுக்குத் தெரியாதா? நடுக்குழியில் விழுகிற தண்ணீர் நம் மேலேயே தெறிக்கும். ஓரத்தில் விழுந்தால் வளைந்து ஓடி அந்தப் பக்கம் போய்விடும்.

"கொஞ்சம் தள்ளிப் புடிங்க. ஓரமா வுழட்டும்," என்றேன்.

சக்கரம் சுற்றிய வேகத்தில் ஓர் அகப்பை பிய்த்துக்கொண்டு பறந்து, அக்காவின் குடத்தை உடைத்தது.

துரை வந்து பார்த்தார். ஓரமாக விடுவது யார் யோசனை என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மீசையைத் துடைத்துவிட்டு என்னைக் காட்டினார்.

அடுத்த வாரம் வந்த உத்தரவில், படிக்கப் போகிறவர் என்று என் பெயர் இருந்தது! குமாஸ்தா குழப்பிவிட்டார். திருத்தி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"நீயே போ. எனக்கு யாரு சோறு ஆக்குவாங்க, அத்த மட்டும் சொல்லிட்டுப் போ."

"அதையும் ஆராய்ச்சி பண்ணுங்க," என்றேன்.

திருத்திய உத்தரவில் அவர் பெயர் வந்தது. குடும்பத்தோடு போகலாம் என்று துரை தன் கையால் சேர்த்திருந்தார். போனோம். அங்கே டர்பைனை இரும்பு ஓட்டுக்குள் மூடி வைத்திருந்தார்கள். உள்ளே ஏதோ உறுமியது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னாடி இது, சக்கரமே கண்ணுல படலயே!"

இரண்டு பேரும் ஓட்டின்மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றோம், காவல்காரர் வந்து விரட்டும்வரை.