அரக்குக் கரையைக் காணோம்

கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டால் நிறங்கள் அதற்குள் நுழையவே நுழையாது என்றுதான் நம்பியிருந்தேன். கேமராவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் கடைக்காரர் சொன்னது பாதி, நானாக நினைத்துக்கொண்டது மீதி.

கோட்டைப்பட்டினத்தில் படகுகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டு வந்த மறுநாள், அறந்தாங்கியில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஷார்ஜாவில். அவர் இல்லாமலேயே தட்டு மாற்றினார்கள். அவர் வீட்டார் கொண்டுவந்த சேலையை உடுத்திக்கொண்டு பெண் சபைக்கு வந்தாள். கிளிப்பச்சைச் சேலை, அரக்குக் கரை. வீடியோ காலில் கடையையே புரட்டிப்போட்டு மாப்பிள்ளை எடுத்தது. போனைத் தூக்கிய ஆட்களை எல்லாம், "தாய்மாமன் எடுக்குறேன்ல, அங்கிட்டுப் போங்க" என்று விரட்டினேன். எடுத்ததும் குனிந்து திரையைப் பார்ப்பவன் கத்துக்குட்டி என்று வேறு நினைப்பு. நிமிர்ந்தே நின்றேன்.

சம்பந்தி வீட்டார் வேனேறிப் போன பிறகு பார்த்தால், எல்லாம் சாம்பல். கறுப்பு வெள்ளையிலிருந்து மாற்ற மறந்திருக்கிறேன். பச்சையும் அரக்கும் ஒரே சாம்பலாகி, சேலையில் கரையே இல்லை.

அக்கா வந்தாள். "மாப்பிள்ளை போன் மேல போன் போடுறாரு. அனுப்பிட்டியாடா?"

எட்டிப் பார்த்தவள் அலறினாள். "என்னடா இது, மாலை போட்டு மாட்டுற படம் மாதிரி? வாழப்போற புள்ளடா!"

"இது கலைதான்க்கா."

"ஒன் கலைய ஒன் வீட்டுல வச்சுக்க. அவரு எடுத்த சேலை பிடிக்காம வேற சேலை கட்டிட்டாளோன்னு நெனைக்க மாட்டாரா?"

பயந்துபோய் லேப்டாப்பில் படங்களை ஏற்றினேன். நிறம் போனால் போகட்டும், கரையையாவது மீட்போம் என்று, படம் திருத்தும் மென்பொருளில் கறுப்பு வெள்ளைக்கான பக்கத்தில் 'சிவப்பு' என்றிருந்த கோட்டைத் தள்ளினேன். கரை மட்டும் வெளுத்தது. 'பச்சை'யைத் தள்ளினால் கரையை விட்டுவிட்டுச் சேலை கறுத்தது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெளுக்க வைத்தும் கறுக்க வைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறமே நுழையாத படத்துக்கு எது சிவப்பு, எது பச்சை என்று எப்படித் தெரியும்?

"வெளையாடுறியாடா?" என்றாள் அக்கா.

'கலர்' என்றிருந்ததை அழுத்தினேன். கிளிப்பச்சையும் அரக்குமாகப் பெண் நின்றாள். கடைக்காரர் விற்கும்போதே கேமராவை 'ரா' முறையில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த முறையில் கறுப்பு வெள்ளை என்பது திரையில் காட்டுவதற்கு மட்டும்தான். நிறம் முழுவதும் பதிவாகிவிடும். படங்களை மாப்பிள்ளைக்கு அனுப்பினேன்.