ரவிக்கைக்கு வைத்தியம் பார்த்த சுப்பராயன்

சுப்பராயன் திருவள்ளூரில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன். அதையும் உருப்படியாகச் செய்ததில்லை. அவன் கைபட்ட ரேடியோ அதற்குப் பிறகு சென்னையையும் பிடிக்காது, இலங்கையையும் பிடிக்காது, கொரகொரவென்று இருமும். அப்படிப்பட்டவன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் டாக்டர் ஆகிவிட்டான். பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஒரு பெட்டியை மூர் மார்க்கெட்டில் வாங்கிவந்து, ஒரு முள்ளும் சிவப்பு விளக்கும் பொருத்தி, ‘மின்காந்த அலை மூலம் மார்புக் கட்டி கண்டறியப்படும்’ என்று பலகை மாட்டினான்.

பெண்ணைத் தொட வேண்டாம், பார்க்க வேண்டாம், வீட்டைவிட்டுக் கூட்டிவரவும் வேண்டாம். ஒரு நாள் முழுக்கப் போட்டிருந்த ரவிக்கையைத் துவைக்காமல் கொண்டுவந்தால் போதும். அதைப் பெட்டிமேல் பரப்புவான். முள் ஆடினால் கட்டி, ஆடாவிட்டால் வெறும் சூடு. எங்கள் பக்கத்துப் பெரியமனிதர்களுக்கு இது ரொம்பவும் பிடித்துப்போனது. பெண்டாட்டி பிழைக்கவும் வேண்டும், அவள் மார்பை எந்த டாக்டரும் பார்க்கவும் கூடாது. இவர்களுக்கென்றே பிறந்தவன் சுப்பராயன்.

அந்தப் பெரியமனிதர்களில் ஒருவர் என் அக்கா லட்சுமியம்மாளின் புருஷன் மணவாளன். கடம்பத்தூரில் பத்து ஏக்கரில் நெல் பயிர் வைக்கிறவர். அக்காவுக்கு இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி வந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். மாமா முறைத்தார், சுப்பராயன் பெட்டியே போதும் என்றார். ஆனால் பெண்டாட்டி ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க அவருக்கு வெட்கமாம். அதைக் காகிதத்தில் சுற்றி மாதாமாதம் ரயிலில் எடுத்துப்போன மானங்கெட்டவன் நான்தான்.

முள் ஒருமுறைகூட ஆடவில்லை.

“ஒண்ணுமில்லப்பா, சூட்டுக் கட்டி. மோர் குடிக்கச் சொல்லு.”

“அக்கா பெருசாயிக்கினே போவுதுன்னு சொல்றாங்க.”

“இன்னாடா, பொட்டிய வுட உங்க அக்காவுக்கு நல்லாத் தெரியுமா?”

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். கொடுத்த ரவிக்கையைத் திருப்பித் தரமாட்டான். அதில் அலை ஏறியிருக்கிறதாம்.

பதினோராவது மாதம் அக்கா கொடுத்தது கிளிப்பச்சை ரவிக்கை. அக்குளில் மஞ்சள் துணியால் ஒட்டுப் போட்டிருந்தாள். கையைத் தூக்க முடியாத வலியிலும் சிரித்தாள். “இதாண்டா கடைசி. இனிமே அனுப்ப எங்கிட்ட ரவிக்கை இல்ல.”

திருவள்ளூரில் இறங்கினேன். நான் இறங்கிய அதே வண்டியில் சுப்பராயன் தன் மனைவி சந்திரகலாவை ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“பட்டணத்துக்கு. எக்ஸ்ரே எடுக்கணும். நேத்து குளிக்கச் சொல்லோ இவளுக்குக் கட்டி தட்டுப்பட்டுச்சு.”

“பொட்டில வெச்சுப் பாக்கலியா?”

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, அடிமுட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். “வெளையாடற நேரமாடா இது?”

கையிலிருந்த பொட்டலத்தை ஜன்னல் வழியாக அவன் மூஞ்சியில் விட்டெறிந்தேன். மடியில் விழுந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

மறுநாள் மாமாவைக் கேட்காமலே அக்காவைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனேன். லேடி டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தார். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு படம் எடுத்தார்கள். நுரையீரல்வரை வெள்ளைப் புள்ளிகள்.

“எத்தனை மாசமா இருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். அக்காவின் தலையைத் தடவிக்கொடுத்தார். அறுவடைக்கு முன்பே அக்கா போய்விட்டாள்.

சந்திரகலா பிழைத்துக்கொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவளுடைய எக்ஸ்ரே படத்துக்குச் சுப்பராயன் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறான். பெட்டிதான் முதலில் சொன்னதாம், ஆஸ்பத்திரி அப்புறம் ஒப்புக்கொண்டதாம். பள்ளிப்பட்டிலிருந்தும் பெரியபாளையத்திலிருந்தும் ஆண்பிள்ளைகள் காகிதப் பொட்டலத்தோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

அத்தனை பேர் எதிரிலும் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போன வாரம் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணி கிளிப்பச்சை நிறம். அதில் மஞ்சள் ஒட்டு இருந்தது.