நேராகப் பூசிய சுவர்

ஓமானில் சோகாரிலிருந்து மலைக்குள் போனால் செம்புச் சுரங்கங்கள். உருக்கிக் கொட்டிய கசடு கறுப்புக் கறுப்பாகக் குவிந்து கிடக்கும். செம்பு போகும் வழியைக் காக்க அந்தக் காலத்தில் எல்லைப் படை தங்கியிருந்த கோட்டையை இப்போது பழுது பார்க்கிறார்கள். அங்கே நான் கொத்தனார். வெயிலைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

எனக்கு வேண்டியிருந்தது லீவு. தங்கை மகளுக்குக் காதுகுத்து. நான் ஒரே தாய்மாமன். என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். எனக்காக இரண்டு முறை தள்ளிவைத்ததில் பிள்ளைக்கு ஐந்து வயதாகிவிட்டது.

"சிப்பாய் ரூம் சுவர முடிச்சிரும் வே, அன்னைக்கே லீவுக்குக் கையெழுத்து" என்றார் ஃபோர்மேன். திருநெல்வேலிக்காரர்.

அந்தச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பூசியவன் எந்த மயக்கத்தில் பூசினானோ! நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, பள்ளத்தையெல்லாம் நிரப்பிப் பன்னிரண்டு நாளில் நேராக்கிவிட்டேன். இருபது வருடக் கை. எனக்கே பெருமையாக இருந்தது.

ஓமானி இன்ஜினியர் வந்தார். சுவரைத் தடவிப் பார்த்து, "மாஃபி ஜைன்" என்று தலையாட்டினார்.

"நல்லா இல்லியாம். எல்லாத்தையும் கொத்திப் போடணுமாம்" என்றார் ஃபோர்மேன். "பழைய சுவரு எப்படி வளஞ்சிருந்துச்சோ அப்படியே வேணுமாம். போட்டோ குடுத்தேம்லா, பாக்கலியா?"

பார்த்தேன். பார்த்ததால்தான் நேராக்கினேன். கோணல் சுவரைக் கண்டால் எந்தக் கொத்தனாருக்குக் கை சும்மா இருக்கும்?

"அப்ப லீவு?"

"சுவரு முடியட்டும் வே."

அன்று மாலை தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இன்னொரு தடவ தள்ள முடியாதுண்ணே. அவுக வீட்ல ஒரு மாதிரி பேசுறாக. பெரியம்மா மகன் மடியில உக்கார வச்சுக்கிறோம்" என்றாள். அவள் அழவில்லை. அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. எனக்கு அந்தச் சுவர் மேலும் என் கை மேலும்தான் கோபம் கோபமாக வந்தது.

கொத்தினேன். மறுபடி பூசினேன். இந்த முறை கரணை கூடாதாம். முன்பு பூசியவர்களைப் போல வெறும் உள்ளங்கையால் அழுத்த வேண்டுமாம். நேராக வரும் இடத்தில் நானே வேண்டுமென்று கோணலாக்கினேன். அதில்தான் உடம்பு ஓய்ந்துபோனது.

காதுகுத்து அன்று டீ நேரத்தில் வீடியோ வந்தது. பெரியம்மா மகன் மடியில் பிள்ளை துள்ளித் துள்ளி அழுகிறாள். அவன் அவள் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறான். ஒரு தரம்தான் பார்த்தேன். போனைப் பையில் போட்டுவிட்டு ஈரச் சுவரில் கையை வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

எடுத்தபோது ஐந்து விரலும் பதிந்திருந்தன. அழிக்கப் போனேன். பின்னாலிருந்து இன்ஜினியர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜைன், ஜைன்" என்று சொல்லி அதைப் படம் எடுத்துக்கொண்டார்.